முதலில் எழுதப்பட்ட சொல்

1994 ஏப்ரல் 8. பெல்கிரேடு நகரத்தில், சாவா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புதிய பெல்கிரேடு பகுதியில், ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் முப்பது வயதுப் பெண் ஒருவர் இறந்து கிடந்தார். வேட்டைத் துப்பாக்கியின் குண்டு அவர் உயிரைப் பறித்திருந்தது. காவல்துறை அதைத் தற்கொலை என்று எழுதிக் கோப்பை மூடியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2009-இல், செர்பிய அரசு வழக்கறிஞர்கள் அதே சாவைக் கொலை என்று வகை மாற்றினார்கள். அதன்பின் எஞ்சியிருந்த ஆதாரங்கள் நெதர்லாந்தின் தடயவியல் நிறுவனத்துக்குச் சென்றன. அங்கிருந்த நிபுணர்கள் 2016-இல் கொலை என்றும் அறுதியிடவில்லை, தற்கொலை என்றும் அறுதியிடவில்லை. ஒரே சாவுக்கு அரசு ஏட்டில் இரண்டு பெயர்கள், ஆய்வுக்கூடத்தில் ஒரு கேள்விக்குறி. இந்த நிலைக்கு மர்மம் என்று பெயர் சூட்டி நகர்ந்துவிடுவது எளிது. என் வாதம் வேறு. இந்த ஐயம் இயற்கையாக விளைந்ததன்று. முதலில் எழுதப்பட்ட ஒரு சொல் அதை விளைவித்தது. கொன்றவர் யார் என்பது நிரூபிக்கப்படாமல் போனாலும், ஐயத்தை விளைவித்த பொறுப்பு யாருடையது என்பது தெளிவாகவே தெரியும்.

இறந்தவரின் பெயர் ராதிஸ்லாவா வுயாசினோவிச். தெரிந்தவர்கள் செல்லமாக ‘தாதா’ என்று அழைத்தார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு என்பதால் இங்கே அவரைக் குடும்பப் பெயராலேயே குறிப்பிடுகிறேன். 1964-இல் ஹெர்சகோவினாவின் சாப்லினா ஊரில் பிறந்தவர் அவர். பெல்கிரேடில் வெளிவந்த ‘தூகா’ இதழின் நிருபராக குரோவாசியப் போர்முனைக்கும் பின்னர் பொஸ்னியப் போர்முனைக்கும் சென்று எழுதினார். தூகா என்றால் செர்பிய மொழியில் வானவில். பெயருக்கேற்ப அந்த இதழில் பல நிறங்களும் அடுத்தடுத்து நின்றன. செர்பிய அதிபர் ஸ்லோபதான் மிலோசெவிச்சின் மனைவி மிர்யானா மார்கோவிச் தமது நாட்குறிப்புப் பத்தியை எழுதியது அதே இதழில்தான். நாட்டின் அதிகார மையம் எப்படிச் சிந்திக்கிறது என்பதை ஊரே அந்தப் பத்தியில் தேடியது. அந்த அதிகாரத்தின் நிழலில் வளர்ந்த ஆயுதக் கும்பல்கள் என்ன செய்கின்றன என்பதை வுயாசினோவிச் அந்த இதழிலேயே எழுதினார். ஒரு சிற்றிதழின் நாலு வாசகர்களோடு அடங்கிப்போகும் எழுத்தாக அது இருக்கவில்லை. ஆளுவோர் வீட்டு மேசைக்கே போய்ச் சேர்ந்த எழுத்து அது.

அவர் எழுதியவர்களில் முக்கியமானவர் ‘அர்கான்’ என்ற பெயரில் அறியப்பட்ட ஜெல்கோ ரஜ்னாதோவிச். 1970-களில் மேற்கு ஐரோப்பிய நாடுகளில் வங்கிக் கொள்ளைகளுக்காகச் சிறைப்பட்டு, சிறைகளிலிருந்து தப்பி, இன்டர்போல் தேடிய ஆள். 1990 அக்டோபரில் பெல்கிரேடின் ‘ரெட் ஸ்டார்’ கால்பந்தாட்ட அணியின் ரசிகர் கூட்டத்திலிருந்து ஆட்களைத் திரட்டி ‘செர்பியத் தொண்டர் காவற்படை’யை உருவாக்கினார். ‘புலிகள்’ என்று ஊர் அழைத்த அந்தப் படை 1991-இல் கிழக்கு குரோவாசியாவிலும், 1992 ஏப்ரலில் பொஸ்னியாவின் பியெல்யினா நகரிலும் செய்த கொலைகளும் கொள்ளையும் பின்னாளில் ஹேக் நகரின் பன்னாட்டுப் போர்க்குற்ற நீதிமன்றத்தில் குற்றச்சாட்டுகளாயின. ஆனால் அந்த நாளில் அவர் குற்றவாளிக் கூண்டில் இல்லை. 1992 டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1995-இல் புகழ்பெற்ற பாடகி ஒருவரை மணந்தபோது அந்தத் திருமணம் தொலைக்காட்சியில் ஓடியது. இப்படி ஒருவரை நாயகனாக்கிக்கொண்டிருந்த ஊரில், 1992-லேயே அவரைப் பற்றி விமர்சனமாக எழுதியவர் வுயாசினோவிச். அதற்குப் பிறகு அவருக்கு மிரட்டல்கள் வந்தன.

அந்த எழுத்து ஏன் அவ்வளவு ஆபத்தானதாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய செர்பிய அரசு தன் மக்களிடம் சொல்லிவந்த கதையைப் பார்க்க வேண்டும். செர்பியா போரில் இல்லை என்பதே அந்தக் கதை. 1992 மே மாதத்தில் யூகோஸ்லாவிய இராணுவம் பொஸ்னியாவிலிருந்து விலகியதாக அறிவிக்கப்பட்டது. அதே படையினரும் ஆயுதங்களும் பெரும்பாலும் அங்கேயே தங்கி பொஸ்னிய செர்பியப் படையாகப் பெயர் மாறின. அரசுத் தொலைக்காட்சி இந்தக் கதையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அதன் பொய்ப் பிரசாரத்தை எதிர்த்து 1991 மார்ச் 9-ஆம் தேதி பெல்கிரேடில் பெருந்திரள் கூடியபோது டாங்கிகள் தெருவுக்கு வந்தன, இருவர் இறந்தார்கள். 1993 தொடக்கத்தில் அந்தத் தொலைக்காட்சியின் ஊழியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்தச் சூழலில் போர்முனைக்குப் போய்த் திரும்பும் நிருபர், போர் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வருவதில்லை. அதை நடத்துபவர்கள் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார்கள், கொள்ளைப் பொருள் எந்த ஊருக்குத் திரும்புகிறது என்பதையும் தெரிந்துகொண்டு வருகிறார். அவர் எழுதும் ஒவ்வொரு பத்தியும் ‘நாங்கள் போரில் இல்லை’ என்ற அரசின் வாக்கியத்தை அடித்துத் திருத்தியது.

அதனால்தான் செர்பியாவில் பேசப்படும் நான்கு பத்திரிகையாளர்களுக்கு நேர்ந்தவற்றை அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை கண்ணில் படுகிறது. அவை பதுங்குகுழியிலோ கண்ணிவெடியிலோ நிகழவில்லை. வீட்டு வாசலில் நிகழ்ந்தன. வுயாசினோவிச் இறந்தது சொந்த வீட்டுக்குள். பத்திரிகை உரிமையாளர் ஸ்லாவ்கோ சுருவியா 1999 ஏப்ரல் 11-இல் சுட்டுக்கொல்லப்பட்டது பெல்கிரேடில் அவர் குடியிருந்த கட்டடத்தின் நுழைவழியில். ‘வெச்செர்னே நோவோஸ்தி’ நாளிதழின் யகோதினா நகர நிருபர் மிலான் பாந்திச் 2001 ஜூன் 11-இல் அடித்துக்கொல்லப்பட்டது அவர் குடியிருந்த கட்டடத்தின் வாசலில். ‘வ்ரெமே’ வார இதழின் போர் நிருபர் தேயான் அனஸ்தாசியெவிச்சைக் கொல்ல 2007-இல் கையெறி குண்டு வைக்கப்பட்டது அவரது வீட்டின் சன்னல் திண்டில். குண்டு வெடித்தும் அவர் உயிர் தப்பினார். போர்முனையில் ஒரு நிருபர் செத்தால் அதைப் போரின் கணக்கில் எழுதிவிடலாம். வீட்டு வாசலில் செத்தால் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியது அந்த ஊர்க் காவல்துறை. ஆகவே இந்தச் சாவுகளைப் போரின் தவிர்க்க முடியாத இழப்புகள் என்ற தலைப்பில் அடக்க இடமில்லை.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். ஒரு சாவுக்குக் காவல்துறை இடும் பெயர் வெறும் வருணனையாக நின்றுவிடுவதில்லை. அது ஒரு கட்டளை. கொலை என்று எழுதினால் அறை பூட்டப்படும், கைரேகை எடுக்கப்படும், கதவும் பூட்டும் ஆராயப்படும், அண்டை வீட்டாரிடம் விசாரணை நடக்கும், இறந்தவரின் ஆடையும் துப்பாக்கியும் சான்றுப் பொருளாகப் பத்திரப்படும், மிரட்டியவர்கள் யார் என்று தேடப்படும். தற்கொலை என்று எழுதினால் இவற்றில் எதையும் செய்யும் கட்டாயம் குறைந்துவிடுகிறது. தேடாத தடயம் கிடைக்காது. கிடைக்காத தடயத்தைப் பத்தாண்டு கழித்து எந்த ஆய்வுக்கூடமும் மீட்டுத் தராது. நெதர்லாந்து நிபுணர்கள் முன்பு போய்ச்சேர்ந்தது 1994-இன் அந்த அறை அன்று. அந்த அறையைப் பற்றி 1994-இல் எழுதிவைத்த தாள்களும் எஞ்சிய பொருள்களும்தான். அவற்றை வைத்து அவர்களால் முடிவு சொல்ல முடியவில்லை என்றால், அந்த இயலாமை அவர்களுடைய கருவிகளின் குறை ஆகாது. முதல் விசாரணை எவ்வளவு விட்டுவைத்ததோ அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது. பெற்றோர் முதல் நாளிலிருந்தே காவல்துறையின் முடிவை ஏற்கவில்லை. நிபுணர் கருத்துகளைத் தேடி, கதவுகளைத் தட்டி, மகளின் சாவுக்குச் சரியான பெயரைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அரசு செய்யவேண்டிய வேலையின் சுமை ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்தது.

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு எழலாம். அது உண்மையிலேயே தற்கொலையாக இருந்திருந்தால்? போரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மனம் நொறுங்கியது உலகெங்கும் நடந்திருக்கிறது. ஒருவரது சாவை அவருடைய அரசியல் எதிரிகளின் தலையில் கட்டுவது நியாயமா? இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாத கொலைக்கு இன்னார்தான் கொலைகாரர் என்று கைகாட்டுவது எழுத்துக்கு அழகன்று. அர்கான் மீதோ வேறு எவர் மீதோ இந்தச் சாவுக்காகக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை, பலப்படுத்துகிறது. தற்கொலையே என்றாலும், அதை நிறுவக்கூடிய சான்றுகள் கொலையை நிறுவும் சான்றுகளேதான். துப்பாக்கி எந்தக் கோணத்தில் இருந்தது, எவ்வளவு தொலைவிலிருந்து வெடித்தது, அறைக்குள் வேறு எவராவது வந்தார்களா என்பவற்றை ஐயமற ஆராய்ந்திருந்தால், ‘தற்கொலை’ என்ற முடிவும் இத்தனை ஆண்டுகள் கேள்விக்குள்ளாகாமல் நின்றிருக்கும். அவசரமாக ஒட்டிய சீட்டு பெற்றோருக்கும் அமைதி தரவில்லை, ஐயத்துக்கு ஆளானவர்களுக்கும் விடுதலை தரவில்லை. மிரட்டப்பட்ட ஒரு நிருபரின் சாவை எந்த ஊரிலும் எடுத்த எடுப்பில் தற்கொலை என்று முடிக்கும் உரிமை காவல்துறைக்கு இல்லை. இது பின்னாளைய அளவுகோலும் அன்று. ஐயத்துக்குரிய சாவுகளில் இடத்தை எப்படிக் காப்பது, உடற்கூறாய்வை எப்படிச் செய்வது, சான்றுகளை எப்படிப் பேணுவது என்று விளக்கும் கையேட்டை ஐக்கிய நாடுகள் அவை 1991-லேயே வெளியிட்டுவிட்டது.

இரண்டாவது மறுப்பு காலத்தைச் சுட்டும். 1994-இன் செர்பியா சிதறிக்கிடந்த நாடு. 1992 மே முதல் ஐ.நா.வின் பொருளாதாரத் தடை. 1994 ஜனவரியில் விலைவாசி ஒரே மாதத்தில் சுமார் 31 கோடி சதவீதம் ஏறியது. 50,000 கோடி தினார் மதிப்பு அச்சிட்ட தாளை எண்ணி வாங்கிய மக்கள், கடைக்குப் போவதற்குள் அதன் மதிப்பு கரைவதைப் பார்த்தார்கள். சம்பளமே காகிதமாகிப்போன காவலர்களிடம் நுணுக்கமான விசாரணையை எதிர்பார்க்கலாமா? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி, சுருவியாவின் கதையோடு ஒப்பிட்டால் நிற்காமல் போகிறது. 1998-இல் தமது ‘எவ்ரோப்ளியானின்’ இதழில் மிலோசெவிச்சை விமர்சித்துத் திறந்த மடல் வெளியிட்டவர் சுருவியா. சில நாட்களிலேயே புதிய தகவல் சட்டத்தின் கீழ் அந்த இதழுக்கு 24 லட்சம் தினார் தண்டம் விதிக்கப்பட்டது. 1999 ஏப்ரலில் நேட்டோ விமானங்கள் பெல்கிரேடு மீது குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்களில், அவர் அந்தக் குண்டுகளை வரவேற்கிறார் என்று பழிசுமத்தும் கட்டுரை அரசுச் சார்பு நாளிதழில் வந்தது, அரசுத் தொலைக்காட்சியிலும் வாசிக்கப்பட்டது. சில நாட்களில், ஈஸ்டர் பெருநாளன்று, அவர் கொல்லப்பட்டார். மிலோசெவிச் வீழ்ந்த பின் வெளியான உளவுத்துறைக் குறிப்பு ஒன்று, அன்று அவர் எங்கெங்கு நடந்தார், எங்கு உட்கார்ந்தார் என்பதை நேரம் குறித்து எழுதியிருந்தது. கொலைக்குச் சற்று முன்பு அந்தக் கண்காணிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது என்பதும் அந்தக் குறிப்பிலிருந்தே தெரிந்தது. தலைக்கு மேல் குண்டு விழும் நாளிலும் ஒரு பத்திரிகையாளரின் காலடியை எண்ணத் தெரிந்த அரசுக்கு, ஓர் அறையின் தடயங்களை எண்ணத் தெரியாமல் போயிற்று என்பதை நம்புவது கடினம்.

செர்பிய அரசின் திறமைக்கு, மிலோசெவிச் வீழ்ந்த பிந்தைய காலத்திலிருந்து, இன்னும் இரண்டு சான்றுகள் உண்டு. முன்னாள் அதிபர் இவான் ஸ்தம்போலிச் 2000 ஆகஸ்டில் கடத்தப்பட்டார். 2003-இல் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டு, 2005-இல் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள். பிரதமர் ஸோரான் ஜின்ஜிச் 2003 மார்ச்சில் சுடப்பட்டார். 2007-இல் பன்னிரண்டு பேர் தண்டனை பெற்றார்கள். தலைவர்களின் சாவு என்றால் புலனாய்வு நடக்கிறது, வழக்கு முடிகிறது. சுருவியா வழக்கில் 2015-இல்தான் விசாரணை தொடங்கியது. உளவுத்துறையின் முன்னாள் தலைவர் உட்பட நால்வருக்கு 2019-இல் மொத்தம் நூறு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மறுவிசாரணையில் மீண்டும் அதே தண்டனை வந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான மேல்முறையீட்டுத் தீர்ப்பு நால்வரையும் விடுவித்தது. அவர்களைக் குற்றவாளிகள் என்று இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். பதினாறு ஆண்டுகள் தாமதித்துத் தொடங்கும் வழக்கில் சாட்சிகளின் நினைவு மங்கும், சொல் மாறும், பொருட்சான்று தொலையும். வுயாசினோவிச்சுக்கு முதல் சொல் செய்ததை சுருவியாவுக்குக் காலதாமதம் செய்தது. பாந்திச்சுக்குத் தாமதமான வழக்குகூட இல்லை. யகோதினா வட்டாரத்தின் ஊழலையும் ஆலைகள் தனியார்மயமான விதத்தையும் எழுதிய அவரது கொலை, மிலோசெவிச் வீழ்ந்த பின், மக்களாட்சி வந்துவிட்டதாகச் சொன்ன காலத்தில் நடந்தது. அதற்காக நீதிமன்றத்தில் ஒருவரும் நிறுத்தப்படவில்லை. ஆகவே பழியை ஒரே சர்வாதிகாரியின் கணக்கில் எழுதித் தீர்க்கவும் வழியில்லை.

அரசு தன் தவற்றைத் திருத்திக்கொண்டதே என்பது மூன்றாவது மறுப்பு. பி92 வானொலியின் நீண்டகால ஆசிரியர் வெரான் மாதிச்சின் முயற்சியால் 2013-இல் பத்திரிகையாளர் கொலைகளை ஆராயும் ஆணையத்தை செர்பிய அரசு அமைத்தது. வுயாசினோவிச், சுருவியா, பாந்திச் ஆகிய மூவரின் சாவும் அதன் முதற்பொறுப்பு. பத்திரிகையாளர்களும் காவல்துறையினரும் உளவுத்துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்த அத்தகைய அமைப்பு அரிதானது, அதன் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. சுருவியா வழக்கு நீதிமன்றம் வரை போனதில் அதற்குப் பங்கு உண்டு. இருந்தாலும் அந்த ஆணையம் பிறந்தபோது துணைப் பிரதமராக இருந்த அலெக்சாந்தர் வுசிச், சுருவியாவின் இதழைத் தண்டித்த 1998-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது தகவல் துறை அமைச்சராக இருந்தவர் என்பதையும் சேர்த்தே வரலாறு படிக்க வேண்டும். ஆணையம் கோப்பைத் திறக்கலாம். கோப்புக்குள் 1994-இல் வைக்காத தாளை அதனால் வைக்க முடியாது. 2009-இல் ‘கொலை’ என்று திருத்திய கையும் அந்த வரம்புக்குள்தான் இயங்கியது. பிற்காலத்து நல்லெண்ணம் முற்காலத்து அலட்சியத்துக்கு ஈடாகாது என்பதற்கு இந்த வழக்கைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கடைசி மறுப்பு கனமானது. பொஸ்னியப் போரில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். அத்தனை சாவுகளுக்கு நடுவே, போரை நடத்தியவர்களின் தலைநகரில் இறந்த ஒரு பெண்ணுக்கு ஏன் இத்தனை பக்கம்? பியெல்யினாவின் தெருக்களில் வீழ்ந்தவர்களின் உறவினர் இப்படிக் கேட்டால் தலைகுனிந்தே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் பியெல்யினாவிலேயே இருக்கிறது. அங்கே அர்கானின் படையாள் ஒருவன் தெருவில் கிடந்த பெண்ணைக் காலால் உதைக்கும் காட்சியை அமெரிக்கப் புகைப்படக்காரர் ரான் ஹாவிவ் எடுத்த படம் உலகுக்குக் காட்டியது. அந்தப் படம் இல்லையென்றால், அந்தக் கொலைகள் நடக்கவில்லை என்று மறுப்பவர்களின் குரலே ஓங்கியிருக்கும். குண்டுக்குத் தப்பிய அனஸ்தாசியெவிச், அதற்கு ஐந்தாண்டு முன்பு 2002-இல், ஹேக் நீதிமன்றத்தில் மிலோசெவிச்சுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். நேரில் பார்த்தவர்கள் எழுதியதும் எடுத்ததும் சொன்னதுமே பெயர் தெரியாத சாவுகளுக்கு ஏட்டில் இடம் வாங்கித் தந்தன. சாட்சியைக் கொல்கிறவன் ஓர் உயிரை மட்டும் எடுப்பதில்லை, அந்தச் சாட்சியின் சொல்லை நம்பியிருந்த எல்லாச் சாவுகளையும் இரண்டாம் முறை புதைக்கிறான். சாட்சியின் சாவை ஆராயாமல் விடுகிறவனும் அவனுக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுக்கிறான்.

அர்கான் 2000 ஜனவரி 15-இல் பெல்கிரேடின் ஒரு பெரிய ஓட்டலில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஹேக்கில் அவர் மீது இருந்த குற்றச்சாட்டுகள் விசாரிக்கப்படாமலே போயின. ஆனால் அவருடைய சாவை எவரும் ஒரு நாளும் தற்கொலை என்று எழுதவில்லை. அவரைக் கொன்றவர்கள் தேடிப் பிடிக்கப்பட்டார்கள், வழக்கு நடந்தது, தண்டனையும் வந்தது. ஒரே நகரம், ஒரே காவல்துறை. இந்த இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் எவருக்கும் நான் சொல்லவந்தது விளங்கும். ஒரு நாட்டில் எழுத்தாளரின் உயிருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அறிய அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தையோ, ஆண்டுதோறும் வைக்கும் மலர்வளையத்தையோ பார்க்கத் தேவையில்லை. அவர் இறந்த அறைக்குள் நுழைந்த காவலர் ஏட்டில் முதலில் என்ன சொல்லை எழுதினார் என்று பார்த்தால் போதும். அந்தச் சொல் ‘கொலையா என்று ஆராய்க’ என்பதாக இருக்க வேண்டும். 1994-இல் பெல்கிரேடில் அப்படி எழுதியிருந்தால், வுயாசினோவிச்சின் பெற்றோருக்கு வேறு எது கிடைக்காவிட்டாலும் ஒரு விடையாவது கிடைத்திருக்கும்.